உங்களுக்குத் தெரியுமா? கோரிப்பாளையம் முதல் தோப்பூர் வரை

● இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள், சென்னைக்கு வெளியே அரசு தொடங்கிய முதல் மருத்துவக் கல்லூரி மதுரை மருத்துவக் கல்லூரிதான். ஆண்டு 1954. தஞ்சாவூர், திருநெல்வேலி, கோவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அதற்கு முன்பு அரசுக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க நினைத்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. கல்லூரிக்கு வேண்டிய ஆஸ்பத்திரி கோரிப்பாளையத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மதராஸ் கவர்னராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரைத் தாங்கிய எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. பின்னாளில் அது அரசு ராஜாஜி மருத்துவமனை ஆனது. ஜனங்கள் இரண்டு பெயரையும் சொல்வதில்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி 'பெரியாஸ்பத்திரி' என்றால் கண்டக்டருக்குப் புரியும்.

● மதுரைக் கல்லூரியில் இன்று ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். சுற்றிப் பாருங்கள்: தேனியில் 100, சிவகங்கையில் 100, திண்டுக்கல்லில் 150, விருதுநகரில் 150, ராமநாதபுரத்தில் 100. கூட்டினால் 850. இவற்றில் கடைசி மூன்றும் 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்தவை. மதுரையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிடுகிறது. இடம் கூடியிருக்கிறது. அந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள், அவர்களுக்குப் பணமும் தெம்பும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

● மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர்தான் மதுரையின் மிகப் பெரிய கண் மருத்துவர் ஆனார். கோவிந்தப்ப வெங்கடசாமி, ஊர்க்காரர்களுக்கு 'டாக்டர் வி'. 1918-ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். அந்தச் சாவுகள்தான் அவரை மருத்துவத்துக்கு அனுப்பின. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம், 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம், அப்புறம் ராணுவ மருத்துவப் பணி. அங்கேதான் முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணின. மாதக்கணக்கில் படுக்கை. நெடுநேரம் நின்று பிரசவம் பார்க்கிற வேலை இனி முடியாது என்றானது.

கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகினார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அங்கே கண் மருத்துவத் துறையை நடத்தினார். அந்த விரல்கள் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்தைத் தாண்டியவை. 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 'நினைச்ச குரூப் கிடைக்கலே, நினைச்ச பி.ஜி. கிடைக்கலே' என்று சோர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையை யாராவது சொல்லிவைக்கலாம். தத்துவமாகச் சொல்ல வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

● டாக்டர் வி-யின் தங்கை கணவர் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி மதுரை மருத்துவக் கல்லூரி மாணவர். விழித்திரை சிகிச்சையில் பெயர் பெற்றவர். 2010-ல் 'டைம்' பத்திரிகை வெளியிட்ட உலகின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தேனி மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை.

● அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். நுழைந்ததிலிருந்து கண்ணாடி வாங்கி வெளியே வரும்வரை நம்மிடம் அதிகம் பேசுவது டாக்டர் அல்ல, புடவை கட்டிய இளம்பெண்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷன் என்றால் என்ன, செலவு எவ்வளவு என்று விளக்குவது, தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் அங்கேயே பயிற்சி தருகிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பெண்ணோடு பெற்றோரும் வர வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பொறுமை, பேச்சு, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

அங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேல் இவர்கள்தான். டாக்டர் ஒரு மேஜையில் புரை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த மேஜையில் நோயாளியைத் தயார் செய்து வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது என்று உலகத்து மேலாண்மைக் கல்லூரிகள் எல்லாம் பாடம் நடத்துகின்றன. பாடத்தில் டாக்டர் வி-யின் பெயர் வருகிறது. அந்தப் பெண்களின் பெயர் வருவதில்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

● அறுவை சிகிச்சையின்போது இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ரத்த ஓட்டத்தை இயந்திரத்தால் நடத்துவார்கள் இல்லையா? அந்த இயந்திரத்தை இயக்குபவர் டாக்டர் அல்ல, பெர்ஃப்யூஷனிஸ்ட். அதற்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. டயாலிசிஸ் தொழில்நுட்பம், ரேடியோகிராஃபி, ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், இதயத் தொழில்நுட்பம், விபத்து அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், கண்ணொளியியல், செவித்திறன் பேச்சுப் பயிற்சி என்று ஒரு நீண்ட பட்டியலும் உண்டு. பி.எஸ்சி. நர்சிங்கையும் பி.ஃபார்ம்-ஐயும் சேர்த்து, இவற்றின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், தனிக் கலந்தாய்வு மூலம் நிரப்புவதே தமிழ்நாட்டு வழக்கம். பிசியோதெரபி போன்ற சிலவற்றில் விதிகள் மாறிவருகின்றன. அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இந்தத் துறைகளுக்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் 2021-ல்தான் வந்தது. அதுவரை யார் டெக்னீஷியன், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கு நாடு முழுக்க ஒரே அளவுகோல் இல்லை.

'நீட் போச்சு, வாழ்க்கை போச்சு' என்று உட்காரும் வீடுகளில் இந்தக் கையேடு பெரும்பாலும் திறக்கப்படுவதே இல்லை. விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் மாமாவோ சித்தப்பாவோ 'இப்படியொரு படிப்பு இருக்காமே' என்று செய்தி கொண்டுவருவார்.

● மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிறந்த கதையில் மதுரைக்குப் பங்கு உண்டு. நீட் 2017-ல் கட்டாயமான பிறகு, அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் தனியாக ஒதுக்கச் சொன்னது. அரசு 7.5 என்று முடிவு செய்து, 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் வரவில்லை. கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி அமர்வு கேள்விமேல் கேள்வி கேட்டது. அக்டோபர் 29-ல் மாநில அரசு தன் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் ஆளுநரின் ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்கார்ந்தார்கள். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சிலர், ஆண்டுக்குச் சில லட்சம் கட்ட வழியில்லாமல் அந்த இடத்தை எடுக்காமலே திரும்பினார்கள். அப்புறம்தான் இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. சட்டத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இந்த இரண்டாவது அறிவிப்புக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

● அந்தச் சட்டத்தில் 'அரசுப் பள்ளி' என்றால் பள்ளிக் கல்வித் துறை நடத்துவது மட்டுமல்ல. மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் சேரும். கடைசியாகச் சொன்னவை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கே உரியவை. குற்றப் பரம்பரைச் சட்டம் கைரேகை வைக்கச் சொன்ன காலத்தில் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தொடங்கப்பட்ட பள்ளிகள். அந்த ஊர்களிலிருந்து இன்று இந்த ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போக வழி இருக்கிறது.

● இந்த ஒதுக்கீடு கிடைக்க, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் கிடையாது. ஒரு விதிவிலக்கு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளியில் படித்திருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் போனஃபைடு சான்றிதழ் வாங்க வேண்டும். ரேங்க் பட்டியல் நேரத்தில் ஓடுவதைவிட, ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு வாங்கி வைத்துவிடுவது நல்லது.

● டி.வி.எஸ். என்றால் பஸ், லாரி, ஸ்கூட்டர். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் ஒரு டாக்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1904-ல் பிறந்தவர். சிறு வயதில் கல்யாணம். மருத்துவரான கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார். அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் விதவைப் பெண்ணுக்கு என்ன விதித்திருந்தார்களோ அதற்கு அவர் அடங்கவில்லை. தில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பட்டம் பெற்றார். 1940-ல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனைச் சாதி கடந்து மணந்தார். 1947-ல் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளபட்டியில் இரண்டு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவ உதவிதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. 1962-ல் பத்மபூஷண், அதே ஆண்டு திண்டுக்கல் எம்.பி., பிறகு மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சர்.

'வயசாயிடுச்சு, இனிமே என்ன மருத்துவம்' என்று இரண்டாவது முறை நீட் எழுதும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம்!

● சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களை முதலில் சேர்த்தது 1875-ல். நான்கு பேர். தமிழ்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவராகக் கொண்டாடப்படும் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றது 1912-ல். மதுரைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்.

● தமிழில் மேனாட்டு மருத்துவத்தைப் பாடமாக நடத்த முடியுமா என்று இன்றும் விவாதிக்கிறோம். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அது நடந்து முடிந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-ல் அங்கே வந்து, மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில், 1860-களின் நடுவிலிருந்து தமிழிலேயே. தன் மாணவர்களை வைத்துக்கொண்டே உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்பவை அவற்றில் சில. ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் கிராமத்தில் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. மதுரையில் 1834-ல் தொடங்கிய அமெரிக்க மிஷன் இதே யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்ததுதான். அமெரிக்கன் கல்லூரியின் வேர் அங்கே இருக்கிறது.

● 2022 ஏப்ரல் 30. மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களின் வெள்ளைக் கோட் விழா. மேடையில் இரண்டு அமைச்சர்கள். மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். வழக்கமான ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழி அல்ல, ரோமன் எழுத்தில் எழுதிவைத்த சமஸ்கிருத சரக உறுதிமொழி. உடனடியாகக் கல்லூரி டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்தோம் என்றார்கள் மாணவர்கள். சில நாளில் டீன் பழைய பதவிக்குத் திரும்பினார்.

அந்தச் சண்டையில் யாரும் கவனிக்காமல் விட்ட மூன்றாவது உறுதிமொழி ஒன்று உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1948-ல் ஜெனீவாவில் ஏற்றது. 2017-ல் அதைத் திருத்தியபோது புதிதாக ஒரு கடமையைச் சேர்த்தார்கள். நல்ல சிகிச்சை தர வேண்டுமானால் டாக்டர் தன் உடம்பையும் மனதையும் பேண வேண்டும் என்பது அது.

● அந்தக் கடமை ஏன் தேவைப்படுகிறது? தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய இணையவழிக் கருத்துக்கணிப்பு 2024-ல் வெளியானது. பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தாங்களே சொன்னார்கள். முதுநிலை மருத்துவர்களுக்கு வாரத்தில் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள், ஒரு நாளாவது விடுமுறை விடுங்கள் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. 74 மணி நேரம் என்பதே சலுகையாகத் தெரிகிறது என்றால், நடைமுறை என்னவென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் இரவு இரண்டு மணிக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்கும் பி.ஜி. டாக்டரிடம் கோபமாகப் பேசும் முன் இந்த எண் ஞாபகத்துக்கு வந்தால் நல்லது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. கல்லூரிக்கு வெளியே என்றால் 14416 என்ற மனநல உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவ மாணவர்கள்தான் இதைக் கூப்பிடத் தயங்குகிறார்கள் என்று மனநல மருத்துவர்கள் சொல்வதுண்டு. நோயாளிக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லிக்கொள்வது அவ்வளவு சுலபம் இல்லை போலும்.

● முதலாண்டுப் பரீட்சையில் தவறிவிட்டால்? நான்கு முறை எழுதலாம், நான்கு ஆண்டுக்குள் தேற வேண்டும். மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். வருகைப்பதிவு வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு அனாட்டமியும் ஃபிசியாலஜியும் முதல் ஆறு மாதம் மலைப்பாகத்தான் இருக்கும். பாடம் புரியாமல் அல்ல, பாடம் நடக்கும் ஆங்கிலம் பழகாமல். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம், சேர்ந்தவுடன் ஓர் அடித்தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, மொழிப் பயிற்சியையும் அதில் சேர்த்தது. தேவை சில வாரம் அல்ல, ஓராண்டு என்று நினைக்கிறேன்.

● முதலாண்டு மாணவரின் முதல் ஆசிரியர் பேசாதவர். உடற்கூறியல் கூடத்து உடல். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1951-லேயே இருக்கிறது. உடல் தானம் செய்ய உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கலாம், இறந்த பிறகு நெருங்கிய உறவினர் ஒப்படைக்க வேண்டும். கண்ணைத் தானம் செய்துவிட்டால் உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்களோ என்ற சந்தேகம் பலருக்கு. எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த உடல் பாடத்துக்கு உதவாது.

● உங்கள் கிராமத்து வீட்டுக்கு வெள்ளைக் கோட் போட்ட பிள்ளைகள் நோட்டும் கையுமாக வந்து, சர்க்கரை இருக்கா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டால் விரட்டாதீர்கள். அது அவர்கள் பாடம். 2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் மூன்று முதல் ஐந்து குடும்பங்களைத் தத்தெடுத்து, முதலாண்டிலிருந்தே தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்பது விதி. 'இந்தத் தம்பிதான் நம்ம டாக்டரு' என்று பாட்டிகள் சொந்தம் கொண்டாடத் தொடங்கிவிட்டால் பாடம் முடிந்த மாதிரி.

● மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் படித்த ஊர் எது? ராமநாதபுரம். 2019 ஜனவரி 27-ல், தோப்பூரில் வரவிருந்த எய்ம்ஸுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழுவதற்கு முன்பே, 2022-ல் 50 பேர் சேர்க்கப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வகுப்பு நடந்தது. சான்றிதழில் மதுரை, சாப்பாட்டில் ராமநாதபுரத்து மீன். கட்டுமானப் பணி 2024-ல்தான் தொடங்கியது. மீம்ஸ் போட்டவர்களுக்கு நல்ல தீனி. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் பெரும்பகுதியை இரவல் வகுப்பறையில் கழித்த பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

● தமிழ்நாட்டின் ஒரே அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. திருமங்கலத்தில், 1975 முதல். சித்தாவுக்கு என்றால் பாளையங்கோட்டை, 1964 முதல். இவற்றுக்கும் இப்போது நீட் வேண்டும்.

● 'நீட் எல்லாம் வேணாம் சார், நேரா ஃபாரின்ல சீட்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கே டாக்டராக வேண்டும் என்றாலும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு ஒரே கல்லூரியில் குறைந்தது 54 மாதம், அதன்பின் அங்கேயே 12 மாதப் பயிற்சி, பாடமொழி ஆங்கிலம், படித்த நாட்டில் மருத்துவம் பார்க்கும் தகுதி. 2021 நவம்பருக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இத்தனையும் கட்டாயம். திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வில் 300-க்கு 150. அதில் பல முறை தோற்று, முப்பது வயதில் கிளினிக்கில் உதவியாளராக நிற்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் அவர்களில் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள்.

● பணம். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்புக் காலம் முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டியில் மத்திய அரசின் மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு இரண்டரை லட்ச வருமான வரம்புக்குள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. நர்சிங்குக்கும் பாராமெடிக்கலுக்கும் இவை பொருந்தும். ஆயிரம் ரூபாய் மெஸ் பில்லுக்குக்கூடப் பத்தாது என்பது உண்மைதான். வீட்டில் கேட்காமல் கையில் வருகிற காசு என்பதும் உண்மை.

● ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பி.ஜி. கனவு போய்விடும் என்று ஹவுஸ் சர்ஜன்கள் பேசிக்கொள்வதுண்டு. தமிழ்நாட்டில் நேர்மாறு. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. எட்டாக்கையான ஊர்களில் வேலை பார்த்திருந்தால் ஆண்டுக்குப் பத்து வீதம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. இந்த ஒதுக்கீட்டைக் கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. வழக்குப் போட்டு வென்றது தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் சங்கம்.

அந்த அரசு வேலைக்கான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வில் டாக்டர்கள் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாள் எழுதி, ஐம்பதுக்கு இருபதாவது எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மருத்துவத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

● கடைசியாக, தாவரவியலோ விலங்கியலோ பி.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், லேப் டெக்னீஷியன் படித்தவர்களோடு உயிரியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். தேர்வானவர்களுக்கு உடற்கூறு, முதலுதவி, பிரசவம் பார்ப்பது எல்லாவற்றிலும் பயிற்சி உண்டு. வண்டி ஓட்டுபவரை அங்கே டிரைவர் என்று சொல்ல மாட்டார்கள். அவர் பைலட். ஆள் எடுக்கும் முகாம் மதுரையில் அவ்வப்போது நடக்கிறது. அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும்.